பிள்ளைகளின் மனத்திற்கு வைத்தியர் எங்கே?

2025-ம் வருஷம் ஜூலை மாதம் 25-ந் தேதி டில்லி சுப்ரீம் கோர்ட்டில் ஒரு தீர்ப்புச் சொல்லப்பட்டது. விசாகப்பட்டினத்தில் மருத்துவக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்காகப் படித்துவந்த ஒரு பெண் குழந்தையின் மரணத்தைப் பற்றிய வழக்கு அது. அவ்வழக்கில் கோர்ட்டார் தேச முழுவதுக்குமாகச் சில விதிகளை ஏற்படுத்தி, தக்க சட்டம் செய்யப்படுகிற வரையில் அவைகளே நடக்க வேண்டும் என்று சொன்னார்கள். அவ்விதிகளில் ஒன்று, 100 பிள்ளைகளோ அதற்கு மேலோ படிக்கின்ற ஒவ்வொரு கல்வி ஸ்தாபனமும் ஒரு ஆலோசகரையோ, மனோதத்துவம் படித்தவரையோ, சமூக சேவகரையோ வைத்துக்கொள்ள வேண்டும் என்பது. அந்த ஆள் யாரோ ஒரு ஆளாய் இருந்தால் போதாது. குழந்தைகளுடையவும் வளரும் பருவத்துப் பிள்ளைகளுடையவும் மனநலத்தில் பயிற்சி பெற்றவர் என்பதை எடுத்துக் காட்டக் கூடியவராய் இருக்க வேண்டும் என்பதும் அவ்விதியிலேயே கண்டிருக்கின்றது.

இத்தீர்ப்பை நாம் மனப்பூர்வமாய் வரவேற்கின்றோம். ஆனால் வரவேற்றுவிட்டுச் சும்மா இருந்துவிட நம்மால் முடியவில்லை. தமிழ்நாட்டில் 100 பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளிக்கூடங்கள் ஆயிரக்கணக்காய் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றிற்கும் பயிற்சி பெற்ற ஒரு ஆள் வேண்டுமானால், அந்த ஆள்கள் எங்கே இருக்கின்றார்கள்? யாரிடத்தில் பயிற்சி பெற்றார்கள்? எத்தனை வருஷம் பெற்றார்கள்? பயிற்சி பெறாதவர்களை உட்கார வைத்து, "ஆலோசகர்" என்று பலகை மாட்டிவிட்டால் பிள்ளையின் வியாதி தீர்ந்துவிடுமா? கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தவனைத் தூக்கிப் பள்ளிக்கூட வாசலில் உட்கார வைத்த கதையாய்த்தானே அது முடியும்? இதுதான் நாம் கேட்கும் கேள்வி.

பேயும் பிரம்பும்

நம் மக்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். கை முறிந்தால் கட்டுப் போடுகிறார்கள். இதில் மேல் ஜாதி, கீழ் ஜாதி, பணக்காரன், ஏழை என்கிற வித்தியாசம் இல்லை. ஆனால் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி திடீரென்று சோற்றை வெறுத்து, பேச்சை நிறுத்தி, மூலையில் உட்கார்ந்துகொண்டால், "முனி அடித்துவிட்டது" என்கிறார்கள். ராத்திரியில் கத்தினால் "காற்றுக் கருப்பு" என்கிறார்கள். காக்காய் வலிப்பு வந்து விழுந்தால் சாமி வந்துவிட்டது என்று கற்பூரம் ஏற்றுகிறவர்களும் இருக்கின்றார்கள். வலிப்பு என்பது மூளையில் ஏற்படும் மின் கோளாறு என்பதும், பெரும்பாலோருக்கு மாத்திரையிலேயே அடங்கக் கூடியது என்பதும் உலகமெல்லாம் தெரிந்த சங்கதி. நம்மூர்ப் பூசாரிக்கு மாத்திரம் அது இன்னும் தெரியவில்லை; தெரிந்தால் அவனுடைய தட்டில் காசு விழாது.

ஆண் பிள்ளையாயிருந்தால் வைத்தியம் வேறு. எழுத்துகளை இடம் மாற்றி எழுதுகிறான் என்றால் மக்கு. ஓரிடத்தில் உட்கார மாட்டேனென்கிறான் என்றால் போக்கிரி. தினமும் காலையில் வயிற்றுவலி என்கிறான் என்றால் பொய்யன். "அடியாத மாடு படியாது" என்கிற பழமொழி இவனுக்காகவே தயாராய் இருக்கின்றது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடிப்பதும், மனம் நோகச் செய்வதும் கூடாதென்று 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு சொல்லுகின்றது. சட்டம் புஸ்தகத்தில் இருக்கின்றது. பிரம்பு மேஜையின் மேல் இருக்கின்றது. பிள்ளைகளுக்கு வரும் மனச்சோர்வு பெரியவர்களுக்கு வருவதுபோல் அழுகையாகவே வெளிப்படுவதில்லை. எரிச்சலாகவும், சண்டையாகவும், வயிற்றுவலியாகவும், தலைவலியாகவும் வெளிப்படும் என்பதைப் படித்தறிந்த ஒரு ஆள் அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்திருந்தால், அவனுக்கு விழுந்த அடிகளில் பாதியாவது விழாமல் இருந்திருக்குமா, இல்லையா?

இதிலும் கொடுமை ஒன்று உண்டு. வீட்டுக்கு வந்துபோகும் உறவினன் ஒருவனால் கெடுதல் செய்யப்பட்ட பெண் குழந்தை, வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல், பயந்து, நடுங்கி, நினைவு தப்பி விழுகின்றது. அதற்கும் "பேய்" என்றே பெயர் வைக்கிறார்கள். பேய் என்று பெயர் வைத்துவிட்டால் வேப்பிலை அடி குழந்தைக்கு. குற்றவாளிக்கோ பந்தியில் இலை. 2012-ம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி, இப்படிப்பட்ட குற்றம் நடந்ததாகத் தெரிந்தவர் எவரும் போலீசுக்கு அறிவித்தே தீர வேண்டும். ஆனால், தெரிந்துகொள்வதற்கே ஒரு கல்வி வேண்டாமா? குழந்தையைப் பயமுறுத்தாமலும், பதிலை அதன் வாயில் திணிக்காமலும், அது சொல்லுகிறபடியே கேட்டு வாங்கத் தெரிந்த ஆள் வேண்டாமா?

மதத்திற்கு மதம் இதில் வித்தியாசமில்லை. கோயிலில் அடிக்கிறார்கள், ஜெபக் கூட்டத்தில் தலையைப் பிடித்து அமுக்குகிறார்கள், தர்காவுக்குப் பக்கத்தில் சங்கிலி போட்டார்கள். 2001-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனிதர்கள் வெந்து செத்தார்கள். ஓடக் கால் இருந்தது. காலில் விலங்கும் இருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ விசாரணை நடந்து, கடைசியாக 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம், மனநோய் கண்டவரை எந்த விதமாகவும் சங்கிலியால் கட்டக் கூடாதென்று 95-வது பிரிவில் எழுதி வைத்தது. சங்கிலியை அவிழ்ப்பதற்குச் சட்டம் போதும். அவிழ்த்த பிறகு அந்த மனிதனோடு உட்கார்ந்து பேசுவதற்கு ஆள் வேண்டுமே! அந்த ஆளைச் சட்டம் பெற்றுப் போடாது. கல்விதான் பெற்றுப் போட வேண்டும்.

புதுப் பூசாரிகள்

பழைய பூசாரியை விட்டு விலகிய படித்த கூட்டத்தாராவது தப்பித்துக்கொண்டார்களா என்று பார்த்தால், அவர்களைப் பிடித்துக்கொள்ளப் புதுப் பூசாரிகள் புறப்பட்டிருக்கிறார்கள். இவர்கள் குடுமி வைத்துக்கொள்ளவில்லை, கோட்டுப் போட்டிருக்கிறார்கள். உடுக்கை அடிக்கவில்லை, கம்ப்யூட்டர் தட்டுகிறார்கள்.

குழந்தையின் பத்து விரல் ரேகைகளையும் யந்திரத்தில் பதிந்து, அதிலிருந்து அதனுடைய புத்தி இன்ன மாதிரி, குணம் இன்ன மாதிரி, அது டாக்டராகுமா, என்ஜினீயராகுமா என்று வர்ணப் படம் போட்டுப் புஸ்தகமாய்க் கட்டிக் கொடுக்கிறார்கள். அதற்கு ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொள்ளுகிறார்கள். கைரேகை பார்க்கிற கிழவன் மரத்தடியில் உட்கார்ந்து கேட்பது சில்லறைக் காசு. அதே புரட்டைக் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து சொன்னால் அது விஞ்ஞானமா? மூளையின் நடுப்பாகத்தைத் தூண்டிவிடுகிறோம் என்று சொல்லி, கண்ணைக் கட்டிவிட்டுப் புஸ்தகம் படிக்கச் செய்யும் வித்தையும் நம் நகரங்களில் நடந்தது. கட்டின துணியின் கீழ் ஓரத்தில், மூக்கின் பக்கமாய் இடுக்கு இருக்கின்றது; குழந்தை அதன் வழியாய்ப் பார்க்கின்றது. அந்த இடுக்கை நன்றாய் அடைத்தால் மூளையும் அடைத்துப்போகின்றது. குழந்தைக்குப் பொய் சொல்லப் பழக்கிக் கொடுத்ததற்குத் தாய் தகப்பன்மார் பணம் கட்டினார்கள் என்பதுதான் இதில் மிஞ்சிய சங்கதி.

இவர்களுக்கு அடுத்தபடியாக, பத்து நாளோ ஒரு மாதமோ ஏதோ ஒரு வகுப்பில் உட்கார்ந்துவிட்டு, சர்ட்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு மாட்டிக்கொண்டு "குழந்தை ஆலோசகர்" என்று சொல்லிக்கொள்ளும் கூட்டம். இவர்களில் நல்லெண்ணம் உள்ளவர்களும் இருக்கலாம். நல்லெண்ணத்தை வைத்துக்கொண்டு யாராவது வயிற்றைக் கிழித்துக் குடல்வால் எடுக்கச் சம்மதிப்பார்களா? மாட்டுக்கு வைத்தியம் செய்வதற்குப் பட்டமும், ரிஜிஸ்தரில் பெயரும் வேண்டும். அதைச் சொல்லிக் கொடுப்பதற்குச் சென்னையில் 1903-ம் வருஷம் முதல் ஒரு கல்லூரி இருந்து வருகின்றது. மாட்டுக்கு வேண்டிய ஜாக்கிரதை மனிதக் குழந்தையின் மனத்திற்கு வேண்டாமா என்று கேட்கின்றோம்.

கிண்டி கற்றுக் கொடுத்த பாடம்

இவ்விஷயத்தில் நாம் கிண்டியைப் பார்த்துப் பேச வேண்டியிருக்கின்றது. ஏனென்றால், 1987-ம் வருஷத்துச் சட்டத்தின்படி ஏற்பட்ட தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக் கழகம் அங்குதான் இருக்கின்றது. நம் நாட்டின் சர்க்கார் மருத்துவக் கல்லூரிகளில் படித்து வெளிவருகிறவர்களுக்குப் பரீட்சை வைத்துப் பட்டம் கொடுக்கும் இடம் அது. பிள்ளைகளின் மனத்திற்கு வைத்தியம் செய்யப் பயிற்சி கொடுப்பதானால், அதற்குப் பாடத்திட்டம் எழுத வேண்டிய மேஜையும் கிண்டியில்தான் இருக்கின்றது.

அதே கிண்டியில் 1899-ம் வருஷத்தில் ஏற்பட்ட கிங் நோய்த் தடுப்பு நிலையம் இருக்கின்றது. அது எதற்காக ஏற்பட்டது தெரியுமா? பெரியம்மைக்கு அம்மைப்பால் தயார் செய்வதற்காக. அக்காலத்தில் பெரியம்மையை வியாதி என்று நம் மக்கள் சொன்னார்களா? "ஆத்தாள் வந்திருக்கிறாள்" என்றார்கள். வைத்தியம் செய்தால் ஆத்தாளுக்குக் கோபம் வரும் என்றார்கள். வேப்பிலையைச் செருகிக்கொண்டு, கூழை ஊற்றிக்கொண்டு, குழந்தைகளைச் சாகக் கொடுத்துக்கொண்டும் கண்ணைப் பறிகொடுத்துக்கொண்டும் இருந்தார்கள். கன்றுக்குட்டியின் தோலில் வளர்த்தெடுத்த அம்மைப்பாலைக் கண்டு, மதம் கெட்டது, ஆசாரம் கெட்டது என்று கூக்குரலிட்டவர்களும் உண்டு. கடைசியில் என்ன ஆயிற்று? இந்தியாவில் பெரியம்மை ஒழிந்தது என்று 1977-ல் சொல்லப்பட்டது. உலகத்திலேயே ஒழிந்தது என்று 1980-ல் உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. ஆத்தாள் எங்கே போனாள்? ஊசி முனைக்குப் பயந்து ஓடிப் போனாளா, அல்லது முதலிலிருந்தே இல்லையா என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அம்மைப்பால் கிண்டியில் புட்டியில் இருந்த வரையில் ஒரு குழந்தையும் பிழைக்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு, கிராமம் கிராமமாய்ப் போய், கதவைச் சாத்திக்கொண்டவர்களிடம் நின்று பேசி, குழந்தையின் புஜத்தில் சரியானபடி குத்துவதற்குப் பழக்கப்பட்ட "அம்மை குத்துகிறவர்" வேண்டியிருந்தது. பிள்ளைகளின் மனநலத்திலும் அப்படியே. மனோதத்துவ சாஸ்திரம் வளர்ந்திருக்கின்றது; மருந்துகள் இருக்கின்றன; பேசிக் குணப்படுத்தும் முறைகள் பரீட்சித்துப் பார்க்கப்பட்டிருக்கின்றன. அதாவது அம்மைப்பால் தயார். குத்துகிறவர்தான் இல்லை.

இன்னொரு பழைய கணக்கும் சொல்லுகின்றோம். கிண்டி என்ஜினீயரிங் கல்லூரிக்கு மூலமான சர்வே பள்ளிக்கூடத்தைக் கம்பெனியார் சென்னையில் 1794-ம் வருஷம் வைத்தார்கள். அதே 1794-ல்தான் வாலண்டைன் கனாலி என்னும் டாக்டர் சென்னையில் பைத்தியக்காரர்களுக்கென ஒரு வீடு வைத்தார். அதன் வழிவந்ததுதான் இன்று கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மனநல ஆஸ்பத்திரி. நிலத்தை அளக்கப் பள்ளிக்கூடம். மனத்தைப் பூட்டி வைக்க வீடு. இரண்டும் ஒரே வருஷத்தில் புறப்பட்டன. முந்தியது லட்சக்கணக்கான நிபுணர்கள் பெருகுவதற்கு வழிகாட்டிற்று. பிந்தியதிலோ வெகுகாலம் பூட்டுகள்தான் பெருகின. இந்த வித்தியாசம் ஏன்? நிலத்தில் வரி வரும். பிள்ளையின் மனத்தில் என்ன வரி வரும் என்பதாலல்லவா?

பயிற்சி என்றால் என்ன?

"பிள்ளைகளோடு பேசுவதற்கு ஒரு படிப்பா? எங்கள் பாட்டிமார் எந்தக் கல்லூரியில் படித்தார்கள்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பாட்டிமார் பிரசவமும் பார்த்தார்கள். அதில் எத்தனை தாய்மார் செத்தார்கள் என்பதை மறந்துவிட்டு இப்படிக் கேட்கக் கூடாது. அன்பு இருக்க வேண்டியதுதான். ஆனால் அன்பு வேறு, வைத்தியம் வேறு.

மற்ற நாட்டார் இதை எப்போது உணர்ந்தார்கள் என்று பார்ப்போம். அமெரிக்காவில் பென்ஸில்வேனியா சர்வகலாசாலையில் லைட்னர் விட்மர் என்பவர் படிப்பு வராத பிள்ளைகளைப் பரிசோதிக்க 1896-ல் ஒரு சிகிச்சைச்சாலை வைத்தார். சிகாகோ நகரில் 1909-ல் வில்லியம் ஹீலி என்னும் டாக்டர், குற்றம் செய்து கோர்ட்டுக்கு வந்த சிறுவர்களைத் தண்டிப்பதற்கு முன் அவர்களுடைய மனத்தையும் குடும்பத்தையும் ஆராய ஒரு நிலையம் நடத்தினார். லண்டனில் 1920-ல் திறந்த டாவிஸ்டாக் சிகிச்சைச்சாலையில் முதல் நோயாளியாக வந்ததே ஒரு குழந்தைதான். அங்கே 1948-ல் குழந்தை மனோவைத்தியர்களுக்கென்றே ஒரு பயிற்சி வகுப்பு ஏற்பட்டது. அதற்கு ஒரு வருஷம் முந்தி அன்னா பிராய்டு அம்மையார் ஹாம்ஸ்டெட் என்னும் இடத்தில் ஒரு பயிற்சியைத் துவக்கினார். சண்டையில் குண்டு விழுந்து, வீடிழந்து, தாய் தகப்பனைப் பிரிந்த குழந்தைகள் நிறைந்திருந்த காலம் அது. சோற்றுக்கே ரேஷன் இருந்த நாட்டார், பிள்ளைகளின் மனத்திற்கு வைத்தியர்களைத் தயார் செய்ய வேண்டியதை மாத்திரம் ஒத்திப் போடவில்லை.

டாவிஸ்டாக் பயிற்சியில் ஒரு பாடம் நம்மவர்களுக்கு ஆச்சரியமாய் இருக்கும். படிக்க வருகிறவர், பிறந்த குழந்தை ஒன்று இருக்கும் ஒரு வீட்டுக்கு வாரம் ஒரு தடவை, இரண்டு வருஷ காலம் போக வேண்டும். போய், உபதேசம் ஒன்றும் செய்யாமல், ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து குழந்தையையும் தாயையும் கவனிக்க வேண்டும். பிறகு கவனித்ததை எழுதி, ஆசிரியரிடமும் கூட்டாளிகளிடமும் படித்துக் காட்டி, எது தான் கண்டது, எது தானாய்க் கற்பித்துக்கொண்டது என்று பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். வாயைத் திறப்பதற்கு முன் கண்ணைத் திறக்கப் பழக்குகிற படிப்பு இது. நம் நாட்டிலோ வாயைத் திறப்பதுதான் முதற் பாடம். அதுவே கடைசிப் பாடமும்.

ஆகவே, பட்டம் பெற்றபின் பெற வேண்டிய மேற்பயிற்சி என்று நாம் சொல்லுவதன் பொருள் இதுதான். குழந்தை எந்த வயதில் எப்படி வளரும் என்பதைக் கற்க வேண்டும். எது வியாதி, எது வயதின் குணம், எது வீட்டுச் சண்டையின் எதிரொலி, எது பசியின் விளைவு என்று பிரித்தறிய வேண்டும். வலிப்பு, மூளை வளர்ச்சிக் குறைவு, ஆட்டிஸம், காது கேளாமை இவைகளைச் சந்தேகித்து உடனே டாக்டரிடம் அனுப்பத் தெரிய வேண்டும். விளையாட்டின் மூலமும் படம் வரைவதன் மூலமும் சிறு குழந்தையோடு பேசவும், பெரிய பிள்ளையோடு அதனுடைய எண்ணங்களைப் பிடித்து மாற்றுப் பழக்கம் செய்யவும், தாய் தகப்பனுக்கு அடிக்காமல் வளர்க்கும் முறையைக் கற்றுக் கொடுக்கவும் தெரிய வேண்டும். இரகசியத்தைக் காக்கவும் தெரிய வேண்டும். காக்கக் கூடாத இரகசியம் எது என்றும் தெரிய வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் அனுபவசாலி ஒருவரிடம் வாராவாரம் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். பூசாரிக்கும் வைத்தியனுக்கும் உள்ள வித்தியாசமே இதில்தான் இருக்கின்றது. பூசாரி யாருக்கும் கணக்கு ஒப்புவிப்பதில்லை. அவனிடம் பிள்ளை பிழைத்தால் சாமி மகிமை, பிழைக்காவிட்டால் தலைவிதி.

இங்குள்ள லட்சணம்

இனி நம் நாட்டில் இதற்குள்ள வசதியைப் பார்ப்போம். மனோவைத்தியத்தில் எம்.டி. படிப்பு மூன்று வருஷம். அதில் குழந்தை மனம் ஒரு பகுதி. குழந்தை மனோவைத்தியத்திற்கென்றே தனியாய் டி.எம். என்னும் மேற்படிப்பு, பெங்களூர் நிமான்ஸ் நிலையத்திலேயே 2010-களில்தான் தலைகாட்டிற்று. இவையெல்லாம் எம்.பி.பி.எஸ். படித்த டாக்டர்களுக்கு. டாக்டரல்லாத மனோதத்துவக்காரருக்கு, 1992-ம் வருஷத்துச் சட்டப்படி ஏற்பட்ட மறுவாழ்வுக் கவுன்சில் ஒப்புக்கொண்ட இரண்டு வருஷத்து எம்.ஃபில். படிப்பு இராஜபாட்டையாய் இருந்து வந்தது. ஆஸ்பத்திரியிலேயே இருந்து, மேற்பார்வையின் கீழ் நோயாளிகளைப் பார்த்துப் பெற வேண்டிய பட்டம் அது. 2020-ம் வருஷத்துக் கல்விக் கொள்கை எம்.ஃபில். என்கிற பட்டமே வேண்டாமென்றது. 2023 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழுவார் இனி அதில் யாரையும் சேர்க்காதீர்கள் என்றார்கள். அடுத்த மாதமே, சிகிச்சை மனோதத்துவத்திற்கும் மனோவைத்திய சமூக சேவைக்கும் மாத்திரம் 2025-26 வரையில் நடக்கலாம் என்றார்கள். பிறகு 2025-ல், மனோதத்துவத்தைத் தபால் மூலமும் இணையத்தின் மூலமும் இனிச் சொல்லிக் கொடுக்கக் கூடாதென்று உத்தரவிட்டார்கள்.

தபால் படிப்பை நிறுத்தியதை நாம் குற்றம் சொல்லவில்லை. தபாலில் நீச்சல் கற்றவன் குளத்தில் மூழ்குவான். இவனோ பிறர் பிள்ளையை மூழ்கடிப்பான். ஆனால் ஒரு பக்கம் சுப்ரீம் கோர்ட்டு, பள்ளிக்கூடந்தோறும் ஆள் வை என்கிறது. மற்றொரு பக்கம் பழைய வாசல்கள் ஒவ்வொன்றாய்ச் சாத்தப்படுகின்றன. புது வாசலைத் திறந்துவிட்டல்லவா பழைய வாசலைச் சாத்த வேண்டும்? பசிக்கிறவனைப் பார்த்துக் கெட்ட சோற்றைத் தின்னாதே என்று இலையைப் பிடுங்குவது நியாயம்தான். நல்ல சோறு எங்கே?

அந்தப் புது வாசலில் யார் நுழையப் போகிறார்கள் என்பதும் முக்கியமான விஷயம். லட்சக்கணக்கில் சம்பளம் வாங்கும் தனியார் கல்லூரியில், இங்கிலீஷில் மாத்திரம் நடக்கும் படிப்பாயிருந்தால், பட்டணத்துப் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் படித்துப் பட்டணத்துப் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு வைத்தியம் செய்வார்கள். பரமக்குடிக் குழந்தைக்கும், ஜவ்வாது மலைக் குழந்தைக்கும் பழைய உடுக்கைதான் கதி. ஒரு காலத்தில் நமக்குப் புரியாத பாஷையில் மந்திரத்தை வைத்துக்கொண்டு நம்மை வெளியே நிறுத்தினார்கள். இப்போது இன்னொரு பாஷையில் வைத்தியத்தை வைத்துக்கொண்டு வெளியே நிறுத்தினால் நமக்கு என்ன லாபம்? "நெஞ்சு படபடங்குது", "மனசு பாரமாயிருக்கு", "வயித்தைப் பிசையுது" என்றுதான் நம் பிள்ளை சொல்லும். இந்த வார்த்தைகளின் எடை தெரியாமல், இங்கிலீஷ் புஸ்தகத்தில் நோயின் பெயரை மாத்திரம் உருப்போட்டவர் எந்த மனத்தைப் பார்க்கப் போகிறார்?

மேலும், நம் நாட்டுப் பிள்ளைகளின் மனத்தைப் புண்படுத்தும் வியாதிகளில் ஜாதி முதன்மையானது. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி ஜில்லா நாங்குநேரியில், நன்றாய்ப் படித்ததையே குற்றமாய்க் கொண்டு, ஒரு தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவனையும் தடுக்க வந்த அவன் தங்கையையும் கூடப் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்மேல் சர்க்கார் நியமித்த ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்து, ஜாதியைக் காட்டும் கைக்கயிறு முதலியவைகளைப் பள்ளிக்கூடத்தில் தடுக்க வேண்டுமென்றது. கயிற்றை அறுப்பது எளிது. வெட்டுப்பட்ட பிள்ளையின் மனத்தில் இருக்கும் பயத்திற்கு யார் மருந்து போடுவது? அரிவாள் எடுத்த பதினேழு வயதுப் பிள்ளையின் மனத்தில் அந்த விஷத்தை ஊற்றியது யாரென்று கேட்டு, அதை இறக்குவது யார்? ஜாதி என்பதை ஒரு நோய்க் காரணமாகச் சேர்த்துக்கொள்ளாத பாடத்திட்டம், வெள்ளைக்காரன் ஊருக்கு வேண்டுமானால் உதவும், நமக்கு உதவாது.

ஆட்சேபணைகளும் பதிலும்

இதற்குப் பணம் எங்கே என்பார்கள். கிண்டியிலேயே, கிங் நிலைய வளாகத்தில், 2023 ஜூன் மாதத்தில் 1,000 படுக்கைகளோடு ஒரு பெரிய ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. 2024-ல் முதியோர்களுக்கென்றே ஒரு தேசிய நிலையம் அங்கே திறக்கப்பட்டது. இரண்டும் நல்ல காரியங்கள். மனமிருந்தால் கட்டடமும் பணமும் வரும் என்பதற்கு அவைகளே சாட்சி. நாம் கேட்பதற்குப் படுக்கைகூட அதிகம் வேண்டாம். ஒரு அறை, இரண்டு நாற்காலி, சில பொம்மைகள், பயிற்சி பெற்ற ஒரு மனிதர், இவ்வளவுதான்.

டெலிபோன் இருக்கின்றதே என்பார்கள். ஆம், 104 இருக்கின்றது. குழந்தைகளுக்கு 1098 இருக்கின்றது. 2022 முதல் மனநலத்திற்கு 14416 இருக்கின்றது. கஷ்டத்தில் இருப்பவர்கள் அவசியம் அவைகளைக் கூப்பிட வேண்டும்; வீட்டிலுள்ளவர்களும் அந்த எண்களைச் சுவரில் எழுதி வைக்க வேண்டும். 2021-ல் நுழைவுப் பரீட்சை எழுதிய பிள்ளைகளை 104-லிருந்து கூப்பிட்டுப் பேசியதும் நல்ல காரியமே. ஆனால் டெலிபோன் தீயணைக்கிற மணி. மணியடித்தால் ஓடி வர ஆள் வேண்டும்.

உபாத்தியாயர்களுக்கே மூன்று நாள் வகுப்பு வைத்தால் போதாதா என்பார்கள். உபாத்தியாயர் கண்டுபிடிக்கலாம், அனுப்பி வைக்கலாம், அது பெரிய உதவி. அறுபது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டே ஒரு பிள்ளைக்கு வைத்தியமும் செய் என்பது உபாத்தியாயருக்கும் கொடுமை, பிள்ளைக்கும் கொடுமை. 2015-16-ல் நிமான்ஸ் நிலையத்தார் நடத்திய தேசிய மனநல ஆராய்ச்சியில், 13 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் நூற்றுக்கு 7.3 பேருக்கு மனக்கோளாறு காணப்பட்டது. அக்கணக்குப்படி அந்த வயதில் 1,000 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் 73 பிள்ளைகள். இது மூன்று நாள் வகுப்பில் தீரும் வேலையா?

நாம் கேட்பது

ஆதலால் கிண்டிப் பல்கலைக் கழகத்தாரையும், சர்க்காரையும் நாம் கேட்பது இவைகளே. பட்டம் பெற்றவர்களுக்கு, குழந்தைகள், வளரும் பருவத்துப் பிள்ளைகள் ஆகியோரின் மனநல சிகிச்சையில் முழுநேரப் பயிற்சி இரண்டு வருஷத்திற்குக் குறையாமல் ஏற்பட வேண்டும். அதைத் தமிழிலும் சொல்லிக் கொடுத்துத் தமிழிலும் பரீட்சை வைக்க வேண்டும். படிப்புக் காலத்தில் பாதியை ஜில்லா ஆஸ்பத்திரிகளிலும், தாலுகாப் பள்ளிக்கூடங்களிலும், மேற்பார்வையின் கீழ் கழிக்கச் செய்ய வேண்டும். சம்பளம் வாங்கக் கூடாது. படிக்கிறவர்களுக்கு உபகாரச் சம்பளம் கொடுக்க வேண்டும். எல்லா வகுப்பாருக்கும், எல்லா ஜில்லாவுக்கும், ஆண்களுக்குச் சமமாய்ப் பெண்களுக்கும் இடம் ஒதுக்கப்பட வேண்டும். தேறியவர்களின் பெயரை யாரும் பார்க்கத்தக்க ரிஜிஸ்தரில் பதிய வேண்டும். அந்த ரிஜிஸ்தரில் பெயரில்லாதவர்கள் குழந்தை மனோவைத்தியர் என்று பலகை மாட்டினால், பூசாரியானாலும் கோட்டுக்காரரானாலும், தண்டனை இருக்க வேண்டும்.

வாசகர்களான தோழர்களும் சும்மா இருக்கக் கூடாது. உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடத்திற்குப் போங்கள். தலைமை உபாத்தியாயரைக் கண்டு மரியாதையாய் மூன்று கேள்வி கேளுங்கள்: கோர்ட்டார் சொன்ன ஆலோசகர் இங்கே யார்? அவர் எங்கே, எத்தனை காலம், யாரிடம் பயிற்சி பெற்றார்? இப்போது யாருடைய மேற்பார்வையில் இருக்கின்றார்? பதில் இல்லையென்றால் அதையே எழுதி, ஊரார் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு, கல்வி அதிகாரிக்கும் கிண்டிக்கும் அனுப்புங்கள். அந்தப் பதில் வருகிற வரையில், பிள்ளை மூலையில் உட்கார்ந்தால் பூசாரி வீட்டுக்குப் போகாதீர்கள். ஜில்லா ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போங்கள்.